பெரியவனாக விரும்புவது பாவமா? சபைக்குள் பதவி ஆசையும் மெய்யான மேன்மையும்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துச் சபைகளில் கமிட்டித் தேர்தல் நெருங்கிவிட்டது என்பதை அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடந்த சந்தா ஒரே நாளில் மொத்தமாகக் கட்டப்படும். ரசீதுகளில் பெயர்கள் பல இருக்கும், பணத்தை எடுத்துக் கொடுத்த கை ஒன்றாக இருக்கும். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் தலைகாட்டும் குடும்பங்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் முறையாக ஏறியிருக்கும். ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் இரண்டு கூட்டங்கள் தனித்தனியே நின்று தாழ்ந்த குரலில் பேசும். ஆயர் இரண்டுக்கும் பொதுவாக ஒரு புன்னகையை வீசிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார். ஏன் இத்தனை மும்முரம் என்று கேட்டால் இரு தரப்பிலும் ஒரே பதில்தான் வரும்: "ஊழியம் தடைபடக் கூடாது, அதற்காகத்தான்."

இந்தப் பதில் வெறும் பொய் என்று தள்ளிவிட முடியாது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. சபையில் பதவிக்கு நிற்பவர்களில் பலர் உண்மையாகவே உழைக்கிறவர்கள். ஆலயக் கூரை ஒழுகினால் ஏணி தேடி ஓடுகிறவர்களும் அவர்களே. மறுபுறம், பிரசங்க பீடத்திலிருந்து ஆண்டாண்டாகக் கேட்கும் போதனை எளிமையானது: பெரியவனாக விரும்புவது பாவம், தாழ்மையாயிரு, பதவியை நாடாதே. இந்தப் போதனை பலன் தராமல் போனதற்குக் கேட்பவர்களின் கடின மனம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. சுவிசேஷங்களில் இயேசு கொடுத்த பதில் இதுவன்று என்பதும் ஒரு காரணம். பெரியவனாக வேண்டும் என்ற விருப்பத்தை அவர் எங்கும் அணைத்துப் போடவில்லை. இன்னொருவன் கீழே இருந்தால்தான் நிலைக்கும் பெருமையைத்தான் அவர் மறுத்தார். அந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் வேதாகமத்திலும் நம் ஊர்ச் சபை வரலாற்றிலும் பல இடங்கள் தெளிவாகின்றன.

மாற்கு சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்தில் செபெதேயுவின் குமாரர் யாக்கோபும் யோவானும் ஒரு விண்ணப்பத்தோடு வருகிறார்கள்: உமது மகிமையிலே எங்களில் ஒருவன் உமது வலது பக்கத்திலும் ஒருவன் இடது பக்கத்திலும் உட்கார அருள வேண்டும். இவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். இவர்கள் வலையை விட்டுவிட்டு இயேசுவின் பின் சென்றபோது, தகப்பனைக் கூலியாட்களோடு படகில் விட்டுச் சென்றதாக அதே சுவிசேஷம் முதல் அதிகாரத்தில் சொல்கிறது. கூலிக்கு ஆள் வைத்துத் தொழில் செய்த வீடு அது. கடலூரின் மீனவர் ஊரான தேவனாம்பட்டினத்தில் சொந்தப் படகு வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளை, அந்தப் படகில் பங்குக்குக் கடலேறுகிறவர் வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து விளையாடினாலும், கரையில் யார் பேச்சு எடுபடும் என்பதை இருவரும் சிறு வயதிலேயே அறிந்திருப்பார்கள். செபெதேயுவின் பிள்ளைகள் அந்த வரிசையை மனதில் சுமந்துகொண்டே இயேசுவின் பின் வந்திருக்கக் கூடும். மத்தேயு இதே நிகழ்ச்சியைச் சொல்லும்போது விண்ணப்பத்தோடு வருகிறவர் அவர்களுடைய தாய். காரியம் பெரிதாக இருந்தால் அம்மாவை முன்னால் அனுப்பும் வழக்கம் நமக்கும் புதிதன்று.

மாற்கு இந்தக் காட்சியை வைத்திருக்கும் இடம் இன்னும் கூர்மையானது. தமக்கு வரப்போகும் பாடுகளையும் மரணத்தையும் இயேசு மூன்று முறை வெளிப்படையாகச் சொல்கிறார். மூன்று முறையும் அடுத்த நொடியிலேயே சீஷர்கள் வேறு திசையில் போகிறார்கள். முதல் முறை பேதுரு அவரைக் கடிந்துகொள்கிறான். இரண்டாம் முறை, கப்பர்நகூமுக்குப் போகும் வழியில், தங்களில் எவன் பெரியவன் என்று தர்க்கம் பண்ணுகிறார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டபோது வாயடைத்து நிற்கிறார்கள். மூன்றாம் முறைதான் இந்த இரு சகோதரர்களின் விண்ணப்பம். தலைவர் சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் வருகிறவர்கள் நாற்காலிகளைப் பங்கிடுகிறார்கள். மற்றப் பத்துப் பேரும் இதைக் கேட்டு எரிச்சலானார்கள் என்று மாற்கு எழுதுகிறார். அந்த எரிச்சலைப் புனிதமான கோபமாக எடுத்துக்கொள்ள இடமில்லை. வழியில் தர்க்கம் பண்ணியவர்களும் அவர்களேதான். கேட்க நினைத்ததை வேறு இருவர் முந்திக்கொண்டு கேட்டுவிட்டார்கள் என்ற ஆத்திரம் அது. லூக்காவைப் படித்தால் இந்தத் தர்க்கம் கடைசி இராப்போஜன மேசையிலும் மீண்டும் கிளம்புகிறது.

இயேசுவின் பதிலில் முதலில் வருவது கண்டிப்பு அல்ல, ஒரு கேள்வி: நான் குடிக்கும் பாத்திரத்தில் குடிக்க உங்களால் கூடுமா? கூடும் என்கிறார்கள். பிறகு எல்லாரையும் அருகே அழைத்து, புறஜாதியாரின் அதிபதிகள் ஜனங்களை இறுமாப்பாய் ஆளுகிறார்கள் என்று அன்றைய ரோம ஆட்சியை எல்லாரும் கண்ணால் கண்ட உதாரணமாக நிறுத்திவிட்டுச் சொல்கிறார்: "உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது, உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால், அவன் உங்களுக்குப் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன்." விரும்பக் கூடாது என்று அவர் சொல்லவில்லை, விருப்பம் அப்படியே இருக்க, அது போய்ச் சேர வேண்டிய இடம் மட்டும் தலைகீழாக மாறுகிறது. கப்பர்நகூமில் அவர் செய்ததும் இதுவே. ஒரு சிறு பிள்ளையை எடுத்து அவர்கள் நடுவே நிறுத்தி, இப்படிப்பட்ட ஒருவனை என் பேரில் ஏற்றுக்கொள்ளுகிறவன் என்னை ஏற்றுக்கொள்ளுகிறான் என்றார். அந்தக் காலத்தில் பிள்ளைக்குச் சொத்தும் இல்லை, சொல்லும் இல்லை, செய்த உதவிக்குக் கைம்மாறு செய்யும் சக்தியும் இல்லை. நம் பாஷையில் சொன்னால், அதற்கு வாக்கும் இல்லை.

இயேசுவின் வலது இடது பக்கங்கள் கடைசியில் யாருக்குப் போயின என்பதையும் மாற்கு மறக்காமல் 15-ஆம் அதிகாரத்தில் பதிவு செய்கிறார்: அவருடைய வலது பக்கத்தில் ஒருவனும் இடது பக்கத்தில் ஒருவனுமாக இரண்டு கள்ளரை அவரோடேகூடச் சிலுவைகளில் அறைந்தார்கள். யாக்கோபு கேட்ட நாற்காலி அவனுக்குக் கிடைக்கவில்லை. ஒப்புக்கொண்ட பாடுகளின் பாத்திரம் கிடைத்தது. ஏரோது அவனைப் பட்டயத்தினால் கொலை செய்ததை அப்போஸ்தலர் நடபடிகள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறது.

சேவை செய்தால் மேன்மை என்று இதைச் சுருக்கிவிட்டால் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. பதவி ஆசைக்குச் சேவையைவிட நல்ல ஏணி கிடையாது. தாவீதின் மகன் அப்சலோம் அதிகாலையில் எழுந்து பட்டணத்து வாசலில் நின்றான். வழக்கோடு வந்தவர்களை ஊர் பேர் கேட்டு விசாரித்தான். தன்னை வணங்க வந்தவர்களைத் தழுவி முத்தஞ்செய்தான். உன் காரியம் நியாயமானது, விசாரிக்கத்தான் ராஜாவிடத்தில் ஆளில்லை என்றான். வெளித்தோற்றத்தில் இது எளியவர்மேல் உள்ள கரிசனைதான். 2004 சுனாமிக்குப் பிறகும், 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப் போட்ட பிறகும் நிவாரணம் கொண்டுவந்த வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பையைக் கொடுப்பவரும் வாங்குபவரும் கேமராவைப் பார்த்து நிற்க, பின்னால் வரிசை காத்துக்கொண்டிருந்த படங்கள் அன்று ஏராளம். அரிசி அரிசிதான், பசித்தவருக்கு அது போய்ச் சேர்ந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் படத்தில் வாங்குகிறவர் எப்போதும் வாங்குகிறவராகவே இருக்க வேண்டியிருக்கிறது. அப்சலோமின் வாசலில் நின்ற எளியவர்கள் அவனுக்கு ராஜ்யத்தைப் பிடித்துக் கொடுக்கும் படிக்கட்டாக இருந்தார்கள். அவர்கள் வழக்கு என்ன ஆயிற்று என்று வேதாகமம் சொல்லவேயில்லை.

பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபம் இந்த நுணுக்கத்தை அறிந்து எழுதப்பட்டது. பிலிப்பி சாதாரண ஊரன்று. கி.மு. 42-இல் நடந்த பெரும் போருக்குப் பிறகு ரோமப் படைவீரர்கள் குடியேற்றப்பட்ட நகரம் அது. அங்கே ரோமக் குடியுரிமை பெரிய கௌரவம். யார் எந்தப் பதவி வகித்தார் என்பதைக் கல்லில் வரிசையாகப் பொறித்துப் பொது இடத்தில் நிறுத்துவது ரோமப் பண்பாட்டின் வழக்கம். பவுலைக் குற்றம் சாட்டியவர்கள்கூட "ரோமராகிய நமக்கு" என்றுதான் பேசினார்கள். அந்த ஊர்ச் சபைக்கு அவர் எழுதுகிறார்: "ஒன்றையும் வாதினாலாவது வீண்பெருமையினாலாவது செய்யாமல், மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்." அதைத் தொடர்ந்து, தேவனுடைய ரூபமாயிருந்தவர் அடிமையின் ரூபமெடுத்து, சிலுவையின் மரணபரியந்தம் தம்மைத் தாழ்த்தினார் என்று கிறிஸ்துவின் பாதையைப் படிப்படியாகக் கீழ்நோக்கி எழுதுகிறார். மேல்நோக்கி ஏறும் பதவிப் பட்டியலைக் கல்லில் பார்த்துப் பழகிய கண்களுக்கு, அடிமைகளுக்குரியதாகக் கருதப்பட்ட மரணத்தில் போய் முடியும் இந்தப் பட்டியல் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஊழியத்துக்குள்ளேயே இந்த நோய் உண்டு என்பதையும் அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பவுல் மறைக்காமல் எழுதுகிறார்: சிலர் பொறாமையினாலும் விரோதத்தினாலும் கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறார்கள். அவர்கள் போதனை தவறு என்று அவர் சொல்லவில்லை. சரியான போதனையை, சிறையில் கிடக்கும் இன்னொரு ஊழியக்காரனின், அதாவது பவுலின், மனதை நோகடிக்கும் கருவியாகப் பயன்படுத்தினார்கள், அவ்வளவே. இங்கேயும் அடையாளம் அதுதான்: இவர்கள் உயர ஒருவன் தாழ வேண்டும்.

இதை நம் மண்ணில் பார்க்க வேண்டுமானால் 1745-ஆம் ஆண்டுப் புதுச்சேரிக்குப் போக வேண்டும். பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக இடையீட்டாளருமாக, பின்னாளில் உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அந்த ஆண்டு அக்டோபர் மாதம் மாதா கோவிலில் நடந்த ஒரு சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறார். கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் இன்று தலித் கிறிஸ்தவர்கள் என்று நாம் அழைக்கும் மக்கள். ஒரே பூசை, ஒரே பீடம், நடுவில் சுவர். காரைக்காலிலிருந்து வந்திருந்த ஒரு குருவின் வருகையை அடுத்து, சுவருக்கு அப்பால் நின்றவர்கள் பெரிய குருவிடம் போய் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் எங்களையும் சமமாக நடத்த வேண்டாமா, ஆண்டவர் தம்மைத் தொழுகிறவர்களுக்குள் வித்தியாசம் வைக்கவில்லையே என்பது அவர்கள் வாதத்தின் சாரம். குரு அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டு சுவரை இடிக்கச் சொன்னார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். பெரிய தகராறு ஆயிற்று.

நாட்குறிப்பை எழுதியவர் கிறிஸ்தவர் அல்லர். யாருக்கும் பரிந்து பேச வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, வேடிக்கை பார்க்கும் கண்ணோடுதான் எழுதுகிறார். அதனால்தான் அந்தப் பதிவு மதிப்புள்ளதாகிறது. சுவர் எதைக் காத்தது என்று யோசித்தால், அது யாருடைய பக்தியையும் காக்கவில்லை. சாதிக் கிறிஸ்தவர்களுக்குப் பீடம் அதனால் அருகில் வந்துவிடவில்லை, நற்கருணை அதிகமாகக் கிடைத்துவிடவில்லை. மறு பக்கத்தில் ஆள் இருக்கிறான் என்பதைத் தினமும் கண்ணுக்குக் காட்டுவது ஒன்றே அதன் வேலை. சுயநலப் பேராசை என்றதும் ஒரு தனி மனிதன் ஏணியில் ஏறுவதையே நாம் நினைக்கிறோம். ஏற வேண்டிய அவசியமே இல்லாமல், பிறந்த படியில் நின்றுகொண்டு, கீழ்ப்படியில் நிற்பவன் மேலே வந்துவிடாதபடி பார்த்துக்கொள்வதும் அதே ஆசைதான். பிரசங்கங்களில் அது கண்டிக்கப்படுவது மிகக் குறைவு.

அதற்கு அடுத்த மாதமே, நவம்பர் 30-இல், அப்போது தலைமைத் துபாஷாக இருந்த கனகராய முதலியார் உழவர்கரையில் தாம் கட்டிய தேவாலயத்தின் அபிஷேகத்தைப் பெரும் விருந்தோடு நடத்தினார். ஒரே மகனைப் பறிகொடுத்த தகப்பன் அவர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஐரோப்பியர், கிறிஸ்தவர், பிராமணர், வேளாளர், செட்டியார் என எல்லாருக்கும் அழைப்பு. அவரவர் வழக்கப்படி தனித்தனி இடத்தில், தனித்தனி சமையல்காரர் கையால் சாப்பாடு. தாராளத்துக்குக் குறைவில்லை. ஆனால் லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் இயேசு விவரிக்கும் விருந்து, கைம்மாறு செய்ய முடியாத ஏழைகளையும் ஊனரையும் முதலில் அழைக்கும் விருந்து, வேறொரு வகையானது. முதலியார் மறுவருடம் இறந்தபோது அவர் இருந்த பதவிக்கு எழுந்த போட்டியும், கிறிஸ்தவர் ஒருவரே அந்த இடத்துக்கு வர வேண்டும் என்று குருமார் தரப்பில் செலுத்தப்பட்ட அழுத்தமும் தனிக் கதை. அந்த இடம் கடைசியில் நாட்குறிப்பை எழுதியவருக்கே வந்து சேர்ந்தது.

சுவர் போனதும் பிரிவு போய்விட்டதா? புதுவை-கடலூர் உயர் மறைமாவட்டத்துக்குள் அடங்கிய எறையூரில், தனிப் பங்கு, அதாவது தங்களுக்கென்று ஆலயமும் குருவும் கொண்ட தனிப் பிரிவு, வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டதைத் தொடர்ந்து 2008 மார்ச்சில் மூண்ட மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியானார்கள். 1745-க்கும் 2008-க்கும் நடுவில் எத்தனை மறையுரைகள் தாழ்மையைப் பற்றி நிகழ்த்தப்பட்டிருக்கும்!

புராட்டஸ்டண்ட் பக்கம் நிலைமை மேலானது என்று பெருமைப்பட வழியில்லை. கடலூரில் பிறந்த ஆரோன் 1733-இல் தரங்கம்பாடியில் குருவாக அபிஷேகம் பெற்றார். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் இந்தியக் குரு என்று நாம் கொண்டாடுவது அவரைத்தான், அது தகும். அவர் வேளாளர். அதே காலத்தில் தஞ்சாவூர் அரசரின் படையில் வீரராக இருந்து, பிறகு உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் சபைகளை உருவாக்கிய ராஜநாயக்கன் என்பவரும் இருந்தார். அவர் பறையர் சமூகத்தவர். அவர் உழைப்பையும் விசுவாசத்தையும் மிஷனரிகள் மெச்சினார்கள்; ஆனால் அவரைக் குருவாக்கும் பேச்சு வந்தபோது, உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் திருவிருந்து வாங்கத் தயங்குவார்கள் என்று சொல்லிப் பின்வாங்கினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 1771-இல் உபதேசியாராகவே அவர் இறந்தார். இருவரில் ஒருவர் பெயர் வரலாற்றில் முதலிடத்தில் நிற்கிறது. இதில் ஆரோனின் குற்றம் ஏதுமில்லை. திருவிருந்து மேசையிலேயே, எவன் பெரியவன் என்ற தர்க்கம் வேறொரு வடிவில் நடந்து முடிந்திருக்கிறது என்பதுதான் இதில் காண வேண்டியது.

தனி மனிதரை எடைபோடுவது இதைவிடக் கடினம். 1740-இல் கடலூருக்கு வந்த சுவீடன் நாட்டு மிஷனரி கீர்னாண்டர் இங்கே பதினெட்டு ஆண்டுகள் பள்ளியும் சபையுமாக உழைத்தார். 1758-இல் பிரெஞ்சுப் படை கடலூரிலிருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தபோது எல்லாவற்றையும் விட்டுக் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே இரண்டாம் திருமணத்தால் செல்வந்தரானார். 1770-இல் தம் சொந்தப் பணத்தைப் பெரிதும் கொட்டிப் பெரிய தேவாலயம் கட்டி முடித்தார். வாழ்க்கையும் அதற்கேற்றபடி ஆடம்பரமாயிற்று. மகனுடைய வியாபாரக் கடன்களில் சிக்கி 1787-இல் திவாலானார். தாம் கட்டிய ஆலயமே கடனுக்காக ஏலத்துக்குப் போகும் நிலை வந்தபோது, சார்லஸ் கிராண்ட் என்பவர் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து அதை மீட்டார். இதைப் பேராசைக்குக் கிடைத்த கூலி என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தம் பணத்தைத் தேவனுடைய வீட்டுக்குக் கொடுத்தவர் அவர். ஊழியமும் குடும்பமும் கௌரவமும் ஒரே கணக்குப் புத்தகத்தில் கலந்துபோனதுதான் அவர் வீழ்ச்சி. நம் ஊரில் பெயர்ப் பலகையில் தம் படத்தையும் மனைவி மக்கள் படத்தையும் போட்டுத் தனி ஊழியம் நடத்துகிறவர்கள் அவர் கதையை நிதானமாகப் படிக்கலாம்.

1750-இல் கடலூரில் கப்பலிலிருந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் வேறு வகை. கடலூரிலிருந்து தரங்கம்பாடிக்கும், பிறகு திருச்சி, தஞ்சாவூருக்கும் போனவர். கடைசிவரை திருமணம் செய்யாமல் எளிமையாக வாழ்ந்தார். 1779-இல் ஆங்கிலேயக் கம்பெனியின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அலியைச் சந்தித்துத் திரும்பியபோது, வழிச் செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாயைச் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்றார்கள். அதைத் தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு மூலதனமாக்கினார். அடுத்து வந்த போரிலும் பஞ்சத்திலும் தானியம் வாங்கி வைத்துப் பசித்தவர்களுக்குக் கொடுத்தார். தஞ்சை மன்னர் துளஜாஜி சாகும் தறுவாயில் இளவரசர் சரபோஜியை அவர் பொறுப்பில் விட்டார். அவர் நாடாமலேயே அதிகாரம் அவர் கைக்கு வந்தது. வந்த அதிகாரம் சிறுவன் ஒருவனின் உரிமையைக் காப்பதற்குச் செலவாயிற்று. இத்தனைக்கும் அவர் காலத்துச் சபைகளில் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கம் தொடர்ந்தது. அதைக் கைவிட்டே தீர வேண்டும் என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் உத்தரவிட்டபோது தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். பெரியவர் என்று நாம் கைகூப்பும் மனிதர் காலத்திலும் தொடப்படாமல் விடப்பட்ட சுவர் ஒன்று இருந்திருக்கிறது.

தாழ்மையைப் பற்றிய போதனை யாரை நோக்கிப் போகிறது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. உபதேசியாரிடம், ஆலயம் பெருக்கும் அம்மாவிடம், சேரியிலிருந்து வருகிற இளைஞனிடம், கமிட்டியில் ஒரு கேள்வி கேட்க எழுந்த பெண்ணிடம் தாழ்மையாயிரு என்று சொல்வதில் ஒரு துணிச்சலும் தேவையில்லை. பிலிப்பியர் நிருபத்தில் தாழ்மைக்கு மாதிரியாக வைக்கப்பட்டவர் தேவனுடைய ரூபமாயிருந்தவர். அதாவது இறக்கி வைக்க ஏதோ ஒன்று கையில் இருந்தவர். கையில் ஒன்றுமில்லாதவனுக்கு அந்தப் பகுதியை எடுத்துப் போதிப்பது, வேத வசனத்தாலேயே சுவர் எழுப்புவதாகும். ஒடுக்கப்பட்டவன் தலைநிமிர விரும்புவதும் படிக்க விரும்புவதும் பொறுப்புக்கு வர விரும்புவதும் சுயநலப் பேராசை அல்ல. கண்காணிப்பை விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபமே சொல்கிறது. சுவிசேஷம் அறிவிக்கப்படாத இடங்களில் அறிவிக்கவே நாடினேன் என்று பவுலும் தம் ஆசையை ரோமருக்கு ஒளிக்காமல் எழுதுகிறார்.

1844-இல் புதுச்சேரியில் குரு துப்புயி தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பது அதன் முதல் நோக்கம். அன்றைக்கு அது சிறிய ஆசையன்று. எழுத்தறிந்த பெண்ணைப் பற்றி ஊர் என்னென்ன பேசியது என்பதைப் பழைய தலைமுறையினர் அறிவார்கள். அந்தக் கன்னியர் தாங்கள் அறிந்ததைத் தங்களோடு வைத்துக்கொண்டு மேலே நிற்கலாமாயிருந்தது; கற்றுக்கொடுத்ததால் அவர்களுக்குச் சமமானவர்கள் பெருகினார்கள். கீழே ஆள் தேவைப்படாத ஆசைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியவில்லை.

தாழ்மையின் போலியையும், கீழே ஆள் தேவைப்படுகிறதா என்ற இதே கேள்வியால் பிடித்துவிடலாம். "நான் ஒன்றுமில்லை, எல்லாம் கர்த்தர்" என்று மேடையில் சொல்லும் ஒருவர், வரவு செலவைக் காட்டுங்கள் என்று கேட்டவரை அடுத்த கூட்டத்திலிருந்து ஒதுக்கிவிட்டால், அந்தச் சொற்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. மாறாக, கடுகடுத்த முகமும் கறாரான பேச்சுமாக இருந்து, மூன்றாண்டு முடிந்ததும் கணக்கு நோட்டை முழுதாக ஒப்படைத்துவிட்டு, அடுத்து வந்தவருக்கு வங்கிக்குப் போகும் வழியிலிருந்து எல்லாம் சொல்லிக் கொடுக்கும் பொருளாளரிடம் மேன்மை உண்டு, அவர் சாட்சி சொல்ல மேடைக்கு வராவிட்டாலும்.

ஆதிச்சபையிலும் பதவியைப் பிடித்துக்கொண்டு விடாத ஒருவர் இருந்தார். யோவானின் மூன்றாம் நிருபத்தில் வரும் தியோத்திரேப்பு, "முதன்மையாயிருக்க விரும்புகிற" என்ற அடைமொழியோடு அறிமுகமாகிறான். அவன் போதனையில் பிழை இருந்ததாக அந்த நிருபத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. வெளியிலிருந்து வந்த சகோதரரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொள்ள மனதாயிருந்தவர்களைத் தடுத்தான். மீறியவர்களைச் சபைக்குப் புறம்பே தள்ளினான். இவைதான் அவன்மேல் உள்ள புகார். இதற்கு, நிருபத்தை எழுதிய மூப்பர் சொல்லும் வழி, அவனுக்காக அமைதியாக ஜெபித்துக்கொண்டிருங்கள் என்பதன்று. நான் வந்தால் அவன் செய்துவரும் கிரியைகளை எடுத்துப் பேசுவேன் என்கிறார். அதே நிருபத்தில் தேமேத்திரியு என்ற இன்னொருவனுக்கு எல்லாராலும் நற்சாட்சி உண்டு என்று பெயர் சொல்லி எழுதுகிறார். ஒருவனைப் பற்றிய புகாரும் மற்றவனைப் பற்றிய சாட்சியும் ஒரே கடிதத்தில், நிருபத்தைப் பெற்ற காயுவும் அவனைச் சேர்ந்தவர்களும் படிக்கும்படி வெளிப்படையாக எழுதப்பட்டன. நம் சபைகளில் முதலாவது வேப்பமரத்தடியில் மட்டும் பேசப்படுகிறது. இரண்டாவது பெரும்பாலும் அடக்க ஆராதனையில்தான் பேசப்படுகிறது.